தொப்புள்கொடிக் குருதியும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கடந்துவந்த பாதையைப் பற்றிப் பேசுவது மரபு. அதனைப் பேசுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் இங்கே வீற்றிருக்கின்றனர். ஆதலின், எனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில், நம் வீட்டு இளம் தம்பதியர் பலர் அண்மைக் காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடியில் உள்ள இரத்தத்தைப் பணம் கட்டி ஒரு வங்கியில் சேமித்து வைக்கவேண்டுமா என்பதே அக்கேள்வி.

கல்விச் சங்கத்தின் விழாவில் இக்கேள்விக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன். 1820ஆம் ஆண்டையொட்டிச் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இச்சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன் பின்னர்த் தோட்டங்கள் பெருகப் பெருக, சமவெளியிலிருந்து நம் முன்னோர் கூலிகளாக மலையேறினர். தோட்டத்து லைன் வீடுகளில், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், அனுபவம் மிக்க ஒரு கிழவியின் கையில் பிறந்தவர்களே நம்மில் மூத்த தலைமுறையினர். இன்று நிலை மாறியிருக்கிறது. இச்சங்கத்தின் மாலை வகுப்புகளில் படித்த பிள்ளைகள் சேலத்திலும் ஓசூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றுகின்றனர். அவர்தம் மனைவியர் கருவுற்று மருத்துவமனைக்குச் செல்லும்போது, அங்கே வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு விளம்பரம் அவர்கள் கைக்கு வருகிறது. அதனைத் தொடர்ந்து தொலைபேசியில் இனிய குரலில் ஒருவர் பேசுகிறார். “உங்கள் குழந்தைக்கு நாளை ஒரு கொடிய நோய் வந்தால் என்ன செய்வீர்கள்? இன்று சேமிக்கத் தவறினால் இனி எந்நாளும் வாய்ப்பில்லை” என்பதே அப்பேச்சின் சாரம்.

இத்தகைய சேமிப்புக்குத் தனியார் வங்கிகள் கேட்கும் தொகை பெரும்பாலும் அரை இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டது. தவணையிலும் செலுத்தலாம் என்பர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ் ஏழைத் தாய் ஒருவருக்கு அரசு வழங்கும் உதவி 18,000 ரூபாய். அதனைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு தொகையை, முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகள் கடன் பட்டேனும் கட்ட முன்வருகின்றனர். பெற்ற பிள்ளையின்பால் கொண்ட அன்பே அதற்குக் காரணம் என்பதால் அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. எனினும், அன்பினால் கையொப்பமிடும் தாளையும் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடவேண்டும் அல்லவா? கைநாட்டு வைத்த காலத்தை விட்டு வெளியேறவே நாம் இச்சங்கத்தைத் தோற்றுவித்தோம்.

முதற்கண், இந்த இரத்தம் எத்தகையது என்பதைப் பார்ப்போம். தாயின் கருப்பையில் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் செல்கின்றன. குழந்தை பிறந்து கொடியை அறுத்தபின் நஞ்சுக்கொடியிலும் தொப்புள்கொடியிலும் குழந்தையின் இரத்தம் ஓரளவு தங்கிவிடுகிறது. அந்த இரத்தத்தில் குருத்தணுக்கள் உள்ளன. விளம்பரங்களில் ஸ்டெம் செல் என்று நீங்கள் காண்பவை இவையே. விதைநெல் ஒன்றே பல கதிர்களாகப் பெருகுவதுபோல், இக்குருத்தணுக்கள் பெருகிச் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய இரத்த அணுக்கள் அனைத்தையும் தோற்றுவிக்கவல்லவை. நம் எலும்பு மச்சையிலும் இவை இருக்கின்றன. மச்சை பழுதுபட்ட ஒருவருக்குப் பிறரிடமிருந்து இவற்றை எடுத்துச் செலுத்துவதையே எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை என்கின்றனர்.

கொடி இரத்தத்தைக் கொண்டும் அச்சிகிச்சையைச் செய்யலாம் என்பது 1988ஆம் ஆண்டு மெய்ப்பிக்கப்பட்டது. பாரிசு நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் என்னும் பெண் மருத்துவர், பான்கோனி இரத்தசோகை என்னும் பரம்பரை நோயுற்ற ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது சேகரித்த கொடி இரத்தத்தைச் செலுத்தினார். அச்சிறுவன் நலம் பெற்று வளர்ந்து ஆளானான். அன்று தொட்டு உலகெங்கும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இச்சிகிச்சையைப் பெற்றுள்ளனர். ஆகவே, கொடி இரத்தத்திற்கு மருத்துவப் பயன் உண்டு என்பது பொய்யன்று. ஆயினும் ஒன்றைக் கருத்திற் கொள்ளுங்கள். அச்சிறுவனைக் காத்தது தங்கையின் இரத்தம். அவன் பிறந்த நாளில் அவனுடைய சொந்தக் கொடி இரத்தத்தை எடுத்துப் பொற்பேழையில் பூட்டி வைத்திருந்தாலும் அது அவனுக்குப் பயன்பட்டிராது.

இதற்குக் காரணம் எளிது. பரம்பரை நோய் என்பது குழந்தை கருவில் உருவாகும்போதே அதன் ஒவ்வோர் அணுவிலும் எழுதப்பட்டுவிடுகிறது. தலசீமியா நோயுடன் பிறந்த குழந்தையின் கொடி இரத்தத்திலும் தலசீமியாவே இருக்கும். பூச்சி அரித்த நெல்லில் ஒரு பிடியை எடுத்து வைத்து அதனையே மீண்டும் விதைத்தால் நல்ல பயிர் எவ்வாறு விளையும்? இரத்தப் புற்றுநோயின் நிலையும் ஏறக்குறைய இதுவே. குழந்தைப் பருவத்தில் தோன்றும் இரத்தப் புற்றுநோய் சிலவற்றின் முதற்கூறுகள் பிறக்கும்போதே இரத்தத்தில் இருப்பதாக அறிவியலார் கண்டுள்ளனர். மேலும், பிறருடைய குருத்தணுக்கள் நோயாளியின் உடலில் எஞ்சியிருக்கும் புற்று அணுக்களை எதிர்த்து அழிக்கும் ஆற்றல் உடையவை. சொந்த அணுக்களுக்கு அவ்வாற்றல் இல்லை. எனவே, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குச் சொந்தக் கொடி இரத்தத்தை மருத்துவர்கள் நாடுவதில்லை.

அவ்வாறாயின், தன் சொந்தக் கொடி இரத்தம் ஒரு குழந்தைக்குப் பயன்படும் வாய்ப்பு எவ்வளவு? 2,500 பேரில் ஒருவர் என்பது முதல் 2,00,000 பேரில் ஒருவர் என்பது வரை மருத்துவ அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. இக்கணக்கை விளம்பரத் தாளில் நீங்கள் காணமாட்டீர்கள். அங்கே நீங்கள் காண்பது எண்பது நோய்களின் பட்டியல். அப்பட்டியலில் உள்ள பெரும்பாலான நோய்களுக்குப் பிறருடைய அணுக்களே மருந்து என்பதைச் சிறிய எழுத்திலேனும் அச்சிடவேண்டியது அறம். மூளை முடக்கம், நீரிழிவு, முதுகுத்தண்டுக் காயம் முதலியவற்றிற்கும் குருத்தணு மருத்துவம் வந்துவிட்டது என்று கூறுவோரும் உளர். அவை ஆராய்ச்சி நிலையைத் தாண்டி நிலைபெற்ற சிகிச்சைகளாக ஏற்கப்பட்டவை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதனைத் தெளிவாக உரைக்கின்றன. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018ஆம் ஆண்டு தன் கருத்தை வெளியிட்டது. எதிர்கால நோய்களுக்கான காப்பீடு என்று எண்ணித் தனியார் வங்கியில் கொடி இரத்தத்தைச் சேமிப்பது ஏற்புடையதன்று என்பதே அதன் கருத்து.

இன்னும் ஒன்று. ஒரு கொடியிலிருந்து கிடைக்கும் இரத்தம் மிகக் குறைவு. அதிலுள்ள குருத்தணுக்கள் ஒரு சிறு குழந்தையின் எடைக்குப் போதலாம். வளர்ந்த ஆளுக்குப் பெரும்பாலும் போதா. அந்த இரத்தத்தைத் திரவ நைட்ரசனில், கழி 196 பாகைக் குளிரில், பல்லாண்டுகள் காக்கவேண்டும். பாதுகாப்பு எந்நாளும் பிழையின்றி நடக்கும் என்பதற்கு உறுதி உண்டா? நம் தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழும் சிங்கப்பூரில், கார்டுலைஃப் என்னும் தனியார் வங்கியின் இருபத்திரண்டு சேமிப்புத் தொட்டிகளில் ஏழில் உரிய குளிர்நிலை காக்கப்படவில்லை என்பதை அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் 2023 நவம்பரில் அறிவித்தது. ஒரு தொட்டியில் மட்டும் ஏறத்தாழ 2,200 குழந்தைகளின் இரத்தம் பயனற்றுப் போயிற்று. கட்டுப்பாடுகளுக்குப் பெயர்பெற்ற அந்நாட்டிலேயே இவ்வாறு நேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வங்கிகள் மருந்துச் சட்ட விதிகளின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, உரிமம் பெறுவது கட்டாயமாக்கப்பட்டது. உரிமம் என்பது நடத்துவதற்கு அளிக்கும் அனுமதியே தவிர, சேமிப்பால் நமக்குப் பயன் விளையும் என்பதற்கு அளிக்கும் சான்றன்று.

இங்கே, படித்தவர்களிடையேயும் பரவியுள்ள ஒரு கருத்தைப் பற்றிக் கூறவேண்டும். குழந்தையின் காய்ந்து விழுந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டும் வழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. குருத்தணுக்களின் பெருமையை அன்றே அறிந்துதான் நம் முன்னோர் அவ்வாறு செய்தனர் என்றும், நோய் வந்தால் அக்கொடியை அரைத்துக் கொடுத்தனர் என்றும் இன்று கைப்பேசிகளில் செய்திகள் உலவுகின்றன. காய்ந்த கொடியில் உயிருள்ள அணு ஒன்றுகூட இராது. தாயையும் பிள்ளையையும் இணைத்த கொடி என்ற பாசத்தினால் பாட்டிமார்கள் அதனைப் போற்றி வைத்தனர். அப்பாசத்தைப் பாசமாகவே மதிப்போம். அதற்கு அறிவியல் முலாம் பூசி விற்பனைக்குத் துணைபோகவேண்டா. அயோத்திதாசப் பண்டிதர் தேர்ந்த சித்த மருத்துவர். 1907ஆம் ஆண்டு ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, கண்மூடி ஏற்கும் பழக்கத்தை எதிர்த்து நம் மக்களுக்கு அறிவு புகட்டியவரும் அவரே. மருத்துவத்தையும் பகுத்தறிந்து கேட்கும் துணிவையும் ஒருவரே போற்ற முடியும் என்பதற்கு அவரே நமக்குச் சான்று.

இனி, கொடி இரத்தத்தைச் சேமிப்பது முற்றிலும் தேவையற்றதா என்று கேட்பீர்கள். ஒரு சூழலில் அது உண்மையாகவே தேவைப்படலாம். வீட்டில் முன்னரே பிறந்த குழந்தைக்குத் தலசீமியா, அரிவாள் அணு இரத்தசோகை போன்ற நோய் இருந்து, தாய் மீண்டும் கருவுற்றிருந்தால், பிறக்கப்போகும் தம்பி அல்லது தங்கையின் கொடி இரத்தம் மூத்த குழந்தைக்கு மருந்தாகலாம். உடன்பிறந்த இருவரின் திசு அமைப்பு முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்நிலையில், மூத்த குழந்தைக்கு மருத்துவம் செய்யும் இரத்தநோய் வல்லுநரே சேமிக்கச் சொல்வார். அவர் சொல்லே நமக்கு வழிகாட்டி. அவ்வாறு சேமிக்க இயலாமற்போனாலும் மனம் தளரவேண்டியதில்லை. பொருத்தமுள்ள இளைய குழந்தை சற்று வளர்ந்தபின் அதன் எலும்பு மச்சையிலிருந்தே குருத்தணுக்களை எடுக்கலாம். அக்குழந்தைக்கு நிலையான இழப்பு ஏதும் நேராது. “இன்று தவறினால் என்றுமில்லை” என்ற பேச்சு இவ்விடத்திலும் முழு உண்மையாகாது.

இந்நோய்கள் நம் மலைகளுக்குத் தொலைவிலுள்ளவை என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் அரிவாள் அணுக்கூறு முதன்முதலாக 1952ஆம் ஆண்டு நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான் கண்டறியப்பட்டது. லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் அதனை உலகுக்கு அறிவித்தனர். பின்னர் வந்த ஆய்வுகள், நாட்டின் பல பகுதிகளில் பழங்குடியினரிடம் மட்டுமன்றிப் பட்டியல் சாதியினரிடமும் பிற மக்களிடமும் அது உள்ளதைக் காட்டின. 2023 ஜூலை முதல் நாள், 2047ஆம் ஆண்டிற்குள் இந்நோயை ஒழிப்பதை நோக்கமாகக் கொண்ட தேசிய இயக்கம் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடி மக்களின் இரத்தத்தைச் சோதிப்பது அதன் இலக்கு. இயக்கம் நடைபெறும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

தலசீமியா நோயுற்ற குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். நம் மலைக் கிராமம் ஒன்றில் அத்தகைய குழந்தை பிறந்துவிட்டால், அதன் தாய் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மாதந்தோறும் சேலத்துக்கு இறங்கவேண்டும். அந்நாட்களின் கூலியை இழக்கவேண்டும். இத்துன்பத்தை வருமுன் தடுக்க எளிய வழி உண்டு. நோய்க்கூற்றைத் தாங்கியவர்கள் நல்ல உடல்நலத்துடனேயே காணப்படுவர். கணவன், மனைவி இருவரும் அக்கூற்றைத் தாங்கியவராயின், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தை நோயுடன் பிறக்கலாம். அக்கை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளதால், இருவரிடமும் ஒரே கூறு இருக்கும் வாய்ப்பு மிகுகிறது. எச்.பி.எல்.சி. என்னும் இரத்தச் சோதனை இதனைக் காட்டிவிடும். திருமணத்திற்கு முன்னரோ, கருவுற்ற தொடக்கத்திலோ இச்சோதனையைச் செய்துகொள்வது கொடி இரத்தத்தை ஆயிரம் ஆண்டுகள் சேமிப்பதைக் காட்டிலும் மேலான காப்பாகும். சாதகப் பொருத்தம் பார்க்கும் குடும்பங்கள் இந்த இரத்தப் பொருத்தத்தையும் பார்க்கட்டும்.

நோயுடன் குழந்தை பிறந்துவிட்டாலும் கைவிடப்பட்டோம் என்று எண்ணவேண்டா. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டு முதலே எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நடைபெற்று வருகிறது. 2017ஆம் ஆண்டு கோல் இந்தியா நிறுவனத்தின் பொருளுதவியுடன் தொடங்கப்பட்ட தலசீமியா பால் சேவா திட்டத்தில், பொருத்தமான உடன்பிறப்பு உள்ள ஏழைக் குழந்தைக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை வழங்க வழிவகை செய்யப்பட்டது. இத்தகைய உதவிகளைத் தேடிக் கண்டுபிடித்து, படிவங்களை நிரப்பித் தருவது நம் சங்க இளைஞர்கள் ஆற்றக்கூடிய அருந்தொண்டாகும்.

உடன்பிறந்தாரிடம் பொருத்தம் இல்லாத நோயாளியின் நிலை என்ன? அவர்களுக்காகவே பொது வங்கி என்னும் ஏற்பாடு பிறந்தது. 1992ஆம் ஆண்டு நியூயார்க் இரத்த மையத்தில் உலகின் முதற் பொதுக் கொடி இரத்த வங்கி தொடங்கப்பட்டது. அங்கே தாய் கட்டணம் செலுத்துவதில்லை. தானமாக அளித்த இரத்தம் அவளுக்கென்று ஒதுக்கப்படுவதுமில்லை. எந்த நாட்டில் எவருக்குப் பொருந்துகிறதோ அவருக்கே அது செல்லும். உலகில் நடந்த கொடி இரத்தச் சிகிச்சைகளில் பெரும்பகுதி இத்தகைய பொது வங்கிகளின் இரத்தத்தினாலேயே நடந்தது. தனியார் பூட்டி வைத்துள்ள இரத்தத்தில் மிகச் சிறு பங்கே வெளியே வந்து ஓர் உயிருக்குப் பயன்பட்டிருக்கிறது.

நம் சென்னையில் ஜீவன் என்னும் தொண்டு அமைப்பு பொது வங்கி ஒன்றை நிறுவப் பெரிதும் முயன்றது. ஆயினும், தனியார் வங்கிகள் பெருகிய அளவிற்கு இந்நாட்டில் பொது வங்கிகள் வளரவில்லை. 2004ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற லைஃப்செல் என்னும் தனியார் நிறுவனமும் 2017ஆம் ஆண்டு, உறுப்பினர்கள் தம் சேமிப்பைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை ஒன்றை அறிமுகப்படுத்தியது. தனித்தனியே பூட்டி வைப்பதைவிடப் பகிர்ந்துகொள்வதே பயன் தரும் என்பதை வணிகமும் ஏற்றுக்கொண்டது என்று இதனைக் கொள்ளலாம். எனினும் அது கட்டணம் செலுத்திய குடும்பங்களுக்கு மட்டுமே உரிய ஏற்பாடு.

பொதுப்பொருளின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் பொதுக் குளமும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927ஆம் ஆண்டு மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகுவதற்காக அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்லவேண்டியிருந்தது. தாகத்திற்கு உதவாமல் பூட்டிக் கிடக்கும் நீர் யாருக்கும் பயனில்லை என்பதை வாழ்ந்து அறிந்தவர்கள் நாம். குருதிக்கும் அதுவே நீதி.

இங்கே இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. குருத்தணுத் தானத்திற்குப் பெயர் பதிவு செய்யும் அமைப்புகள் நம் நாட்டில் இயங்குகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாத்ரி அவற்றுள் ஒன்று. பதினெட்டு வயது நிறைந்த, நலமுள்ள இளைஞர்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் தடவித் தந்தால் போதும், எச்.எல்.ஏ. என்னும் திசு அமைப்பைச் சோதித்துப் பதிந்துகொள்வர். என்றேனும் ஒரு நோயாளிக்குப் பொருந்தினால் அழைப்பர். அப்போதும் பெரும்பாலும் கை நரம்பின் வழியே இரத்தம் எடுத்து, குருத்தணுக்களைப் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை உடலுக்கே திருப்பிச் செலுத்திவிடுவர். பிறந்த நாளில் எடுக்கத் தவறியது என்று விளம்பரம் அச்சுறுத்தும் அதே குருத்தணுக்கள் நம் எலும்புக்குள் வாழ்நாள் முழுதும் ஊறிக்கொண்டே இருக்கின்றன.

இப்பதிவில் நம் மக்கள் இடம்பெறுவது ஏன் இன்றியமையாதது? இரத்தத்தில் உயர்வு தாழ்வு இல்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்திற்குள் மணவுறவு கொண்டு வந்த மக்களிடம் சில திசு அமைப்புகள் மிகுந்து காணப்படும். சாதி கட்டிய வேலிகள் நம் அணுக்களிலும் தம் தடத்தை விட்டுச் சென்றுள்ளன. ஆகவே, நம் மக்களில் ஒரு குழந்தை இரத்தநோயால் வாடும்போது, அதற்குப் பொருந்தும் கொடையாளர் நம் மக்களிடையே கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. பதிவேட்டில் நம் பெயர்கள் இல்லாவிடின், அக்குழந்தைக்காகத் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்ப நேரும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் அக்கறை இதிலும் வேண்டும்.

இறுதியாக, இவ்வுரையின் தலையாய செய்திக்கு வருகிறேன். கொடி இரத்தத்தைச் சேர்த்து வைப்பதற்கு மிகச் சிறந்த வங்கி ஒன்று உண்டு. அது பிறந்த குழந்தையின் உடலே. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழக் கால் லிட்டர்தான். குழந்தை பிறந்தவுடன் கொடியை இறுக்காமல் சற்றுப் பொறுத்தால், நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் கொடித் துடிப்பின் வழியே குழந்தைக்குள் இறங்குகிறது. ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 80 மில்லிலிட்டரும், மூன்று நிமிடத்தில் 100 மில்லிலிட்டரும் இவ்வாறு சேர்கின்றன. அதனுடன் சேரும் இரும்புச்சத்து முதல் ஆறு மாதங்களில் குழந்தையை இரத்தசோகையிலிருந்து காக்கத் துணைபுரிகிறது. ஒரு நிமிடத்திற்கு முன் கொடியை இறுக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. 2018ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்பு இயக்கமும், குறைந்தது மூன்று நிமிடமோ கொடித் துடிப்பு நிற்கும்வரையோ காத்திருக்கவேண்டும் என்கிறது.

வங்கிக்கென்று மிகுதியான இரத்தம் வேண்டுமாயின் கொடியை விரைந்து இறுக்கவேண்டியிருக்கும். அவ்வாறு எடுக்கப்படுவது கழிவு இரத்தம் என்று விளம்பரம் சொல்லும். உண்மையில் அது குழந்தைக்குச் சேரவேண்டிய பங்கு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உற்றவர்கள். பெண்களில் அது 53.4 விழுக்காடு. காப்பிச் செடிகளுக்கிடையே கூடை சுமந்து நாளெல்லாம் மேடு பள்ளம் ஏறி இறங்கும் நம் தாய்மார்களின் முகத்தைப் பார்த்தாலே இக்கணக்கு விளங்கும். மிக அரிதாக வரக்கூடிய நோயை எண்ணி, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வரும் நோய்க்கு வழி திறப்பது அறிவுடைமையாகுமா? கொடியறுக்கப் பொறுத்திருப்பதற்குக் காசு செலவில்லை. ஏற்காடு அரசு மருத்துவமனையிலும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மகப்பேற்றுக்குச் செல்லும் நம் பெண்கள், “தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால், கொடித் துடிப்பு நிற்கும்வரை பொறுத்து அறுங்கள்” என்று முன்கூட்டியே மருத்துவரிடமும் செவிலியரிடமும் பணிவுடன் கேட்டுக்கொள்ளலாம். மூச்சுத் திணறும் குழந்தைக்கும், குருதிப்போக்கு மிக்க தாய்க்கும் மருத்துவர் உடனே செயற்பட நேரலாம். அதனை அவர் முடிவுக்கே விட்டுவிடவேண்டும்.

நான் கூறியவற்றைத் தொகுத்துரைக்கிறேன். வீட்டில் இரத்தநோயுற்ற குழந்தை இருந்து, அதன் மருத்துவர் சொன்னாலன்றித் தனியார் வங்கிக்குப் பணம் கட்டவேண்டா. அப்பணத்தைக் கருவுற்ற பெண்ணின் உணவுக்கும், பிறந்த குழந்தையின் படிப்புக்கும் செலவிடுங்கள். திருமணத்திற்கு முன் இரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். கொடியறுக்கப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். நலமுள்ள இளைஞர்கள் குருத்தணுப் பதிவேட்டில் பெயர் சேருங்கள். இவற்றுள் ஒன்றேனும் இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்கவேண்டும் என்பது என் விருப்பம். சங்கக் கட்டடத்தில் ஒருநாள் முகாம் அமைத்து, சோதனைக்கும் பதிவுக்கும் ஏற்பாடு செய்வது நம் நிருவாகக் குழுவினரால் இயலாத செயலன்று. அம்முகாமில் இம்மலையின் பழங்குடி மக்களான மலையாளிச் சகோதரர்களும் நம்முடன் கலந்துகொள்ளட்டும்.

நம் முன்னோர் படிக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டனர். படித்திருந்தால் தங்களை ஏய்த்த கணக்குகளைக் கண்டுபிடித்திருப்பர். நாம் படித்துவிட்டோம். இனி நம்மிடம் நீட்டப்படும் எந்தக் கணக்கையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பின்னரே ஏற்போம். அதற்கான அறிவை இருபத்தைந்து ஆண்டுகளாக வழங்கி வந்த இச்சங்கம் பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் காணவேண்டும் என்று வாழ்த்துகிறேன்.